சாதா போட்ட கரடியும் ஸ்பெஷல் போட்ட மயிலும்

ஒரு காட்டில் கருத்தபாண்டி என்ற கரடிக்கு முதலில் கெடுதல் செய்தது அழகேசன் என்ற மயில். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, கரடிதான் வம்புக்காரன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. முதலில் மயில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நடந்த இடம் பெட்ரோல் பங்க். மலையடிவாரத்தில், ஓடை திரும்புகிற இடத்தில், அந்தக் காட்டுக்கென்று இருந்த ஒரே பங்க் அது. அதில் இரண்டு குழாய்கள். ஒன்றில் சாதாப் பெட்ரோல் வரும், இன்னொன்றில் ஸ்பெஷல் பெட்ரோல் வரும். சாதாக் குழாய்க்கு முன்னால் வரிசை ஓடைவரை நீளும். ஸ்பெஷல் குழாய்க்கு முன்னால் நாலைந்து வண்டிகள்தான் நிற்கும். ஆனால் அந்த நாலைந்து பேரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு ஐப்பசிக் காலையில் கருத்தபாண்டி ஒரு மணி நேரம் வரிசையில் நின்று குழாயடிக்கு வந்து சேர்ந்தது. பெட்ரோல் அடிக்கிற கீரி மொட்டையசாமியைப் பார்த்து, "சாதா போடுப்பா" என்றது.

பக்கத்து வரிசையில் நின்ற அழகேசன் திரும்பிப் பார்த்தது. தோகையை ஒரு தடவை சிலுப்பிக்கொண்டது.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்குக் கஞ்சி ஊத்துறீங்க?"

வரிசை சிரித்தது. முயல்கள் சிரித்தால் பரவாயில்லை, முயல் எதற்கும் சிரிக்கும். அன்றைக்குக் கீரியும் சிரித்தது. சிரித்த சிரிப்பில் நாலு சொட்டுப் பெட்ரோல் தரையில் சிந்தியது. சிரிக்கவே தெரியாது என்று பெயர் வாங்கிய காட்டெருமைகூட மூக்கால் ஒரு சத்தம் விட்டது. மறுநாளிலிருந்து அந்த வண்டிக்குக் கஞ்சி வண்டி என்று பெயர். அதற்கு அடுத்த நாளிலிருந்து கரடிக்குக் கஞ்சிப்பாண்டி என்று பெயர்.

கருத்தபாண்டி மறக்கிற ஆள் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், தான் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு காட்டுக்கோழி கொட்டாவி விட்டது என்பதற்காக அதனுடன் பேச்சை நிறுத்தியது. அந்தக் கோழி செத்துப்போய் இப்போது பேரன் இருக்கிறது. பேரனோடும் பேசுவதில்லை.

அப்படிப்பட்ட கரடி மயிலிடம் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. அதே பங்க்கில், அதே வரிசைக்கு முன்னால், "தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்று சொன்னால் போதும். மூன்று வார்த்தை. அதில் அண்ணாச்சியைக்கூட விட்டுக்கொடுக்கலாம் என்று கரடி மனதுக்குள் தள்ளுபடியும் செய்து வைத்திருந்தது. அழகேசன் அந்தப் பாக்கியைத் தீர்க்கிற வழியாகத் தெரியவில்லை.

கருத்தபாண்டி கருமித்தனத்துக்காகச் சாதா போடவில்லை. அதன் வண்டி நூறு சி.சி. வண்டி. வாங்கும்போது கூடவே ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். மற்ற மிருகங்கள் அந்தப் புத்தகத்தைச் சீட்டுக்கு அடியில் போட்டு மறந்துவிட்டன. கருத்தபாண்டி இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டது. இருந்தாலும் மூன்று நாள் உட்கார்ந்து பதினோராம் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தது. இந்த வண்டிக்குச் சாதாப் பெட்ரோலே போதும் என்று அதில் அச்சடித்திருந்தது. வண்டியைச் செய்தவனுக்குத் தெரியாதது மயிலுக்கா தெரியப்போகிறது?

முள்ளம்பன்றி அங்கம்மாவுக்கு ஒரு நாள் அது விளக்கிச் சொன்னது. அங்கம்மா அதற்கு நெடுநாள் சிநேகிதி. அவளைப் பின் சீட்டில் ஏற்றிக்கொள்ளக் காட்டில் வேறு யாருக்கும் துணிச்சல் இல்லை. கருத்தபாண்டியின் முதுகுத் தோல்தான் தாங்கும்.

"இன்ஜினுக்குள்ள பெட்ரோலைப் போட்டு நசுக்கும் தாயி. பெரிய வண்டின்னா ரொம்ப நசுக்கும். அதுல சாதாவை ஊத்தினா, நேரம் வர்றதுக்கு முந்தியே பத்திக்கிட்டு டக்கு டக்குன்னு தட்டும். ஸ்பெஷல் அப்படி இல்ல. எவ்வளவு நசுக்கினாலும் நெருப்புப் பொறி வர்ற வரைக்கும் சும்மா இருக்கும்."

"அப்போ ஸ்பெஷல்ல வேகம் இல்லையா?"

"வேகம் எங்க இருக்கு? பொறுமைதான் இருக்கு. என் வண்டி அவ்வளவு நசுக்காது. அதுக்கு எதுக்கு அந்தப் பொறுமை?"

அங்கம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்போ அதை வண்டிக்கு ஊத்த வேண்டாம் அண்ணே. உனக்கு ஒரு லிட்டர் ஊத்தினா நல்லது" என்றாள்.

இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் பேரனோடும் பேச்சு நின்றிருக்கும். அங்கம்மா சொன்னதால் கரடி உறுமலோடு விட்டுவிட்டது.

இனி கரடியின் பிழைப்பைச் சொல்ல வேண்டும். மலை உச்சியில் உப்புப்பாறை இருந்தது. வாரம் ஒரு தடவையாவது அந்தப் பாறையை நக்காவிட்டால் மிருகங்களுக்குக் கால் பலம் போய்விடும். காலில் பலம் இருந்தால்தான் உச்சிக்கு ஏற முடியும். ஏறி நக்கினால்தான் காலில் பலம் வரும். இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்ட வயதான மிருகங்களைக் கருத்தபாண்டி வண்டியில் ஏற்றி, பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பாறையில் கொண்டுபோய் இறக்கும். கூலியாக அது காசோ கிழங்கோ வாங்கவில்லை. இறங்குகிறவர் கரடியின் காதில் ஒரு தேன்கூடு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான். கண் மங்கிய கடமானுக்குக்கூட, மேய்கிற இடத்தில் தேனீ சத்தம் கேட்டிருக்கும். அந்தத் தேனில்தான் கரடியின் வயிறு ஓடியது. அதற்குக் கண் முன்னைப்போல் இல்லை, மரம் மரமாக மோப்பம் பிடித்து அலைய உடம்பும் இல்லை. பாறைக்குச் சவாரி இல்லாவிட்டால் கூடு இல்லை, கூடு இல்லாவிட்டால் கரடி இல்லை.

தை பிறந்ததும் பங்க் தூணில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். இனிமேல் பயணி ஏற்றும் வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு பாதைக்கு ஒரு வண்டிதான். போக்குவரத்து அதிகாரியான உடும்பு நமசிவாயத்தை நேரில் பார்க்க வேண்டும்.

உடும்பை அந்த வேலைக்குப் போட்டதே அதன் பிடிக்காகத்தான். ஒரு விதியைப் பிடித்தால் விடாது. அதன் குகை வாசலில் கருத்தபாண்டி இரண்டு நாள் வரிசையில் நின்று, ஐந்து பக்க விண்ணப்பத்தை வாங்கி, அங்கம்மாவை விட்டு நிரப்பச் சொல்லி, மூன்றாம் நாள் கொண்டுபோய் நீட்டியது. அங்கே அழகேசனும் ஒரு விண்ணப்பத்தோடு நின்றது.

அழகேசனுக்குத் தேன் பிடிக்காது. ஆனால் பதினான்கு வளைவிலும் ஆட்கள் நின்று பார்ப்பார்கள் என்பது பிடித்திருந்தது. அதனிடமும் நூறு சி.சி. வண்டிதான். கரடி வாங்கிய அதே கடையில், அதே மாதம் வாங்கியது. மேலே நெருப்புப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி, சைலன்சரை மாற்றியிருந்தது.

உடும்பு கரடியின் விண்ணப்பத்தைப் புரட்டி, ஒன்பதாவது கேள்வியில் நின்றது.

"பெட்ரோல் ரகம்ங்கிற இடத்துல சாதான்னு போட்டிருக்கீரே."

"சாதாதான் சார் ஊத்துறேன்."

"அழகேசன் ஸ்பெஷல்னு எழுதியிருக்காரு. ஆணை ஏழு என்ன சொல்லுது தெரியுமா? ஸ்பெஷல் போட்ட வண்டி சாதா போட்ட வண்டியை விட வேகமாப் போகும். சிங்கராஜா கையெழுத்து போட்டது."

சிங்கராஜாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்துகூடப் பழக்கம் இல்லை. கருத்தபாண்டி அதை வாய்வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டது.

"சார், புத்தகத்துல பதினோராம் பக்கம்..."

"இங்க பாரும்," உடும்பு குரலைத் தாழ்த்தியது. "ஸ்பெஷல்னு எழுதிட்டுப் போமே. காகிதம் என்ன டேங்க்கை மோந்தா பாக்கப்போகுது?"

"சாதாவை ஸ்பெஷல்னு நான் எதுக்கு எழுதணும்?"

"அண்ணாச்சி கஞ்சின்னு எழுதட்டும் சார்," என்றது அழகேசன். "உண்மையைத்தானே எழுதணும்."

குகை வாசலில் நின்ற வரிசை மறுபடியும் சிரித்தது. கருத்தபாண்டியின் கழுத்து மயிர் எழுந்து நின்றது. ஆனால் கரடி ஒரு விஷயத்தைக் கவனித்தது. பாக்கி இப்போது இரண்டாகிவிட்டது. ஏனோ அதில் அதற்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

"ஓட்டிப் பாப்போம் சார்," என்றது. "ரெண்டு வண்டியும் ஆளுக்கு ஒரு பயணியை ஏத்திக்கிட்டு உப்புப்பாறைக்குப் போவோம். முதல்ல போறவனுக்குச் சீட்டு."

உடும்பு ஆணைப் புத்தகத்தைப் புரட்டியது. போட்டி வைக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. சரி என்றது.

திங்கட்கிழமை காலை காடே பங்க்கில் கூடியது. உடும்பு பக்கத்தில் நின்று பார்க்க, மொட்டையசாமி இரண்டு டேங்க்கையும் காலி செய்தது. ஸ்பெஷல் குழாயை எடுத்து அழகேசன் வண்டியில் வைத்தது. சாதாக் குழாயை எடுத்துக் கருத்தபாண்டி வண்டியில் வைத்தது. இரண்டு மூடியையும் பூட்டிச் சாவியை உடும்பு வாங்கிக்கொண்டது. கரடிக்குப் பின்னால் அங்கம்மா ஏறினாள். மயிலுக்குப் பின்னால் ஒரு முயல் ஏறியது. தோகைக்கு நடுவில் முயல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

உடும்பு வாலை அடித்ததும் வண்டிகள் கிளம்பின. கிளம்பும்போது அழகேசனின் வண்டி போட்ட சத்தத்தில் இரண்டு அணில்கள் மரத்திலிருந்து விழுந்தன. முதல் ஏழு வளைவும் மயில்தான் முன்னால். வளைவுக்கு வளைவு ஆட்கள் கை தட்டினார்கள். மயில் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்து, தட்டுவதை வாங்கிக்கொண்டு போனது.

"அண்ணே, முறுக்கு" என்றாள் அங்கம்மா.

"முறுக்க மாட்டேன். மேடு இன்னும் இருக்கு."

"நீ முறுக்கலேன்னா நான் சாஞ்சு உக்காருவேன்."

அங்கம்மா சாய்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கருத்தபாண்டிக்குத் தெரியும். கொஞ்சம் முறுக்கியது.

அழகேசனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஸ்பெஷல் போடுகிற வண்டிக்கு வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்று. ஒன்றரை வருடமாக இன்ஜின் ஆயில் மாற்றவில்லை. செயினில் எண்ணெய் காட்டவில்லை. ஏர் ஃபில்டரைத் திறந்தால் பாதிக் காட்டின் தூசி அதற்குள் இருந்திருக்கும். நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவன் பல் விளக்க வேண்டியதில்லை என்று நினைப்பது மாதிரிதான். கருத்தபாண்டியோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செயினைத் துடைத்து எண்ணெய் விடும். ஃபில்டரைக் கழற்றித் தட்டும். பிளக்கைத் துணியால் துடைக்கும்போது குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல ஏதோ முனகும்.

எட்டாவது வளைவில் மேடு செங்குத்தாக ஏறியது. மயிலின் வண்டி இருமியது. அந்த நேரம் பார்த்து மேலிருந்து காற்றும் அடித்தது. தோகை விரிந்து பின்னால் இழுத்தது. உள்ளேயிருந்து முயல், "அண்ணே, நான் இறங்கி நடந்துக்கிறேன், அது சீக்கிரம் போகும்" என்றது.

கஞ்சி வண்டி ஒரே சீராகப் பொட்டபொட்டவென்று பக்கத்தில் வந்து, தாண்டிப் போனது. கருத்தபாண்டி நேரே பார்த்தபடி போனது. அங்கம்மாவுக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை.

"தம்பி, கஞ்சி வேணும்னா சொல்லு. ரெண்டு சொட்டு மிச்சம் இருக்கு."

உப்புப்பாறையில் அங்கம்மா இறங்கி, வேண்டிய மட்டும் உப்பை நக்கி முடித்து, தூங்கி எழுந்த பிறகு மயில் வந்து சேர்ந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. முயல் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது.

கீழே பங்க்குக்குத் திரும்பி வந்தபோது கூட்டம் கலையாமல் நின்றது. கருத்தபாண்டி வண்டியை ஸ்டாண்டில் போட்டு, நிதானமாகக் கையைத் துடைத்தது. அதற்கு அனுமதிச் சீட்டின் மேல் ஒரு கண், மயிலின் வாயின் மேல் ஒரு கண். இன்றைக்கு இரண்டும் கிடைத்துவிடும் என்று தோன்றியது.

உடும்பு கனைத்துக்கொண்டது.

"இந்தப் போட்டியில ஒரு மோசடி நடந்திருக்கு" என்றது.



"ஆணை ஏழின்படி ஸ்பெஷல் போட்ட வண்டிதான் வேகமாப் போகும். வேகமாப் போனது கருத்தபாண்டி வண்டி. ஆகையால் கருத்தபாண்டி வண்டியில இருந்தது ஸ்பெஷல். சாதான்னு விண்ணப்பத்துல எழுதினது பொய்."

"சார்," என்றது கீரி மொட்டையசாமி, "நீங்க பக்கத்துல நின்னு பாத்தீங்களே. சாவிகூட உங்ககிட்டதான் இருக்கு."

"நான் பார்த்தது என் கண்ணு பார்த்தது. ஆணை ராஜா எழுதினது. என் கண்ணுக்கு யாருப்பா கையெழுத்து போட்டது?"

கீரி குழாயைத் துடைக்கப் போய்விட்டது.

அழகேசன் முகம் மெல்லத் தெளிந்தது. தொங்கிக்கிடந்த தோகை ஒவ்வொரு இறகாக எழுந்தது. "எனக்கு அப்பவே சந்தேகம் சார்," என்றது. "எட்டாவது வளைவுல என் வண்டி இருமினப்பவே, இது சாதாவா இருக்கும்னு நெனச்சேன். அண்ணாச்சி கெட்டிக்காரர். கஞ்சின்னு சொல்லிட்டு யாருக்கும் தெரியாம ஸ்பெஷல் குடிச்சிருக்காரு."

உடும்பு ஒரு காகிதத்தை நீட்டியது. "ரெண்டு வழி இருக்கு கருத்தபாண்டி. ஸ்பெஷல்தான் போட்டேன்னு இதுல எழுதிக் கொடுத்தா, ஜெயிச்சது செல்லும். பொய் சொன்னதை மன்னிச்சு இப்பவே சீட்டு தர்றேன். இல்ல, சாதாதான் போட்டேன்னு சொன்னா, சாதா வண்டி ஸ்பெஷல் வண்டிக்கு முந்திப் போக முடியாது. நீர் போனதே செல்லாது. சீட்டு அழகேசனுக்கு."

கருத்தபாண்டி மனதுக்குள் கணக்குப் போட்டது.  எழுதிக் கொடுத்தால் சவாரி தன்னுடையது, தேன் தன்னுடையது. ஆனால் மயில் சொன்னது தப்பு என்பதற்குக் காட்டில் அப்புறம் சாட்சியே இருக்காது. கஞ்சி ஜெயித்தது என்று இருந்தால்தானே கஞ்சி என்றவன் தலை குனிய வேண்டும்? ஸ்பெஷல் ஜெயித்தது என்று எழுதிவிட்டால், அழகேசன் முதலிலிருந்தே சரியாகச் சொன்னதாக ஆகிவிடும்.

"எழுத மாட்டேன்" என்றது.

அங்கம்மா அதைத் தனியே அழைத்துப்போனாள். கூட்டமும் வழி விட்டது. முள்ளுக்கு எல்லோரும் வழி விடுவார்கள்.

"அண்ணே, உனக்கு மன்னிப்பு வேணுமா, தேன் வேணுமா?"

"ரெண்டும்."

"ஒண்ணைச் சொல்லு."

"எனக்குச் சேர வேண்டியது அது. மூணு வார்த்தை. ரெண்டு தடவை."

"சரி, அந்த மயில் இப்பவே வந்து சொல்லிடுதுன்னு வச்சுக்க. நாளைக்குக் காலையில எந்திரிச்சு நீ யாரைத் திட்டிக்கிட்டே பல் விளக்குவ?"

 ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு காலையும் கருத்தபாண்டி மயிலைத் திட்டிக்கொண்டுதான் எழுந்தது. எழுந்ததும் பசித்தது. நன்றாகவும் இருந்தது. அதற்கு முன்னால் காட்டுக்கோழியைத் திட்டிய காலம் இவ்வளவு நன்றாக இல்லை.

திரும்பி வந்து, காகிதத்தில் பாதத்தை அழுத்தி வைத்தது. உடும்பு சீட்டைக் கொடுத்தது. கூடவே டேங்க்கின் மேல் ஸ்பெஷல் என்று பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டது. அங்கம்மா தன் முள் ஒன்றைப் பிடுங்கிச் சாயத்தில் தோய்த்து அழகாக எழுதினாள்.

அடுத்த வாரம் பெட்ரோல் போடக் கருத்தபாண்டி பங்க்குக்குப் போனது. கண்ணைக் கசக்கிப் பார்த்தது. ஓடைவரை நீளுகிற வரிசை இப்போது ஸ்பெஷல் குழாய்க்கு முன்னால் நின்றது. கஞ்சிப்பாண்டியே ஸ்பெஷல் போட்டுத்தான் மலையேறியது என்ற செய்தி காடு முழுக்கப் பரவியிருந்தது. சைக்கிள் வைத்திருந்த குரங்குகூட ஒரு பாட்டிலோடு நின்றது. சாதாக் குழாயடியில் ஈ மட்டும் இருந்தது. கரடி நேராகப் போய் நின்று, "போடுப்பா" என்றது. கீரி ஒரு நிமிஷத்தில் போட்டு அனுப்பியது. டேங்க்கின் மேலிருந்த எழுத்தைப் பார்த்துக் கீரிக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சிரிப்பைக் கரடி கணக்கில் வைக்கவில்லை.

ஸ்பெஷல் வரிசையின் நடுவிலிருந்து அழகேசன் ஓடிவந்தது. கருத்தபாண்டியின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அதே பங்க். அதே வரிசை.

"அண்ணாச்சி," என்றது மயில், "ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தம்பி."

"இல்ல, ஒண்ணு கேக்கணும். அந்த ஸ்பெஷல் எந்த ஸ்பெஷல்? நான் போடுறது அந்த மாதிரி இழுக்க மாட்டேங்குதே."

கருத்தபாண்டி அதை ஏற இறங்கப் பார்த்தது. "சாதா போடு," என்றது. "ஆயிலை மாத்து. செயினுக்கு எண்ணெய் விடு. ஃபில்டரைத் தட்டு. உன் சீட்டுக்கு அடியில ஒரு புத்தகம் இருக்கும், பதினோராம் பக்கத்தை வாசி."

அழகேசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "அண்ணாச்சி தொழில் ரகசியத்தை மட்டும் விடமாட்டீங்களே" என்று சொல்லி, வரிசையில் தன் இடம் போய்விடும் என்று திரும்ப ஓடியது.

கருத்தபாண்டி வண்டியை உதைத்துக் கிளப்பியது. பின்னால் கண் மங்கிய கடமான் ஏறிக்கொண்டது. பதினான்கு வளைவும் ஏறி முடிக்கும்வரை கரடி மயிலைத் திட்டிக்கொண்டே ஓட்டியது. கடமான் அதை ஏதோ பக்திப் பாட்டு என்று நினைத்துக் கூடவே தலையாட்டியது. பாறையில் இறங்கும்போது, இன்றைக்கு மனசு நிறைந்தது என்று சொல்லி இரண்டு தேன்கூடுகளுக்கு வழி சொன்னது.

மூன்று வார்த்தை, இரண்டு தடவை. அழகேசன் இன்னும் சொல்லவில்லை.

நீதி: உண்மையை டேங்க்குக்குள் ஊற்று, பொய்யை டேங்க்கின் மேல் எழுது, மன்னிப்பை மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிடாதே. இந்த மூன்றையும் கடைப்பிடிக்கிறவனுக்கு வண்டியும் ஓடும், வரிசையும் இருக்காது, காலையில் பசியும் நன்றாக எடுக்கும்.